சாளரத்தோரத்து மிளகாய்ச் செடி

பிழைப்பைத் தேடி வடக்கே வந்த நம்மவர், ஊரிலிருந்து கொண்டுவருகின்ற பொருள்களில் ஒரு பிடி விதையும் இருப்பதுண்டு. மிளகாயும் ஒரு வகையில் நம்மைப் போன்றதே. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, போர்ச்சுகீசியர் வழியாக இந்நாட்டிற்கு வந்த பயிர் அது. மிளகின் காரத்தை அறிந்திருந்த தமிழர், வந்த விருந்தாளிக்கு ‘மிளகாய்’ என்று பெயரிட்டுத் தம் வீட்டுப் பிள்ளையாக்கிக் கொண்டனர்.

எங்கள் வீட்டுச் செடி இராமநாதபுரத்து முண்டு மிளகாய். 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற இனம். என் அன்னையார் மறைவதற்கு முந்தைய ஆண்டு துணியில் முடிந்து கொடுத்த விதைகளுள், முளைத்துத் தப்பியது இது ஒன்றே. தில்லியின் மார்கழிக் குளிர் அதற்கு ஆகாது. எனவே தொட்டியை மூன்றாம் மாடிக் குடியிருப்பின் சாளரத்தருகே வைத்திருந்தோம்.

தை மாதக் கடைசியில் குருத்துகள் சுருண்டன, இலைகளில் பிசுபிசுப்பு, தண்டில் எறும்புச் சாரி. இலையைத் திருப்பினால் கடுகினும் சிறிய பச்சைப் பூச்சிகள்! பூங்காவின் மாலி பார்த்துவிட்டு ‘சேபா’ என்றார். நம் உழவர் அசுவினி என்பர். செடிப்பேன் என்பதும் அதுவே.

இப்பூச்சியின் பெருக்கம் வியப்புக்குரியது. பெண் பூச்சி ஆணின் துணையின்றியே குட்டிகளை ஈனும். பிறக்கும் குட்டியின் வயிற்றுக்குள் அடுத்த தலைமுறையும் கருக்கொண்டிருக்கும். சாற்றை உறிஞ்சி இனிப்பு நீரைக் கழிக்கும். அதற்காகவே எறும்புகள் காவல் நிற்கின்றன. வெளியிலாயின் மழை அடித்துச் செல்லும், பொறிவண்டு தின்று தீர்க்கும். வீட்டுக்குள்ளோ இவ்விரண்டும் இல்லை. குளிருக்கு நாம் கொடுத்த அடைக்கலம் பகைக்கும் அடைக்கலமாயிற்று.

கடைக்காரர் ஒரு நஞ்சுப் புட்டியை நீட்டினார். உண்ணும் காய்க்கும், குழந்தைகள் உறங்கும் அறைக்கும் அது தகாதென்று மறுத்தேன். வேம்பு இருக்க வேறு மருந்து எதற்கு? நம் பாட்டிமார் தானியக் குதிரில் வேப்பிலை இட்டதை நாம் அறிவோம். இதே தில்லியில், 1936-இல் பீகாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில், பிரதான் முதலிய அறிஞர்கள், வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளியும் தீண்டாது என்று ஆராய்ந்து 1962-இல் வெளியிட்டனர்.

நான் செய்த முறை எளியது. மிகச் சுருண்ட குருத்துகளைக் கிள்ளி எறிந்தேன். தொட்டி மண்ணைத் தாளால் மூடி, செடியைச் சாய்த்து, இலையடிகளை நீரால் கழுவினேன். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்தேன். எண்ணெய் நீரோடு கலக்கச் சோப்பு வேண்டும். பூச்சியின் மேற்பூச்சைக் கரைத்து அதை உலரச் செய்வதும் சோப்பே. முதலில் ஓர் இலையில் தெளித்து, ஒருநாள் பொறுத்து, கருகவில்லை என்று கண்டபின், வெயில் தாழ்ந்த வேளையில் செடி முழுதும் அடித்தேன். தழைச்சத்து உரத்தை நிறுத்தினேன். இளந்தழை மிகுந்தால் அசுவினிக்கு விருந்தாகும்.

மறுநாள் செடி தூய்மையாகத் தோன்றியது. ஐந்தாம் நாள் மீண்டும் குட்டிகள்! தப்பிய ஒன்றிரண்டே போதும் அக்குலம் தழைக்க. ஆதலால் ஐந்து நாளுக்கொரு முறை, மூன்று வாரம் விடாது தெளிக்க வேண்டியதாயிற்று. அலுவலகத்திலிருந்து களைத்து வந்த மாலைகளிலும் என் மனைவி தெளிப்பானை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவாள். மருந்தின் வலிமையினும் முறை தவறாமையே வென்றது என்பேன்.

பங்குனியில் தொட்டி மாடி முகப்புக்குச் சென்றது. சில நாளில் செந்நிறப் பொறிவண்டொன்று வந்தமர்ந்தது. அதன்பின் எனக்கு வேலை குறைந்தது. பூத்துக் காய்த்தவற்றுள் ஆறு காய்களைப் பறிக்காமல் செடியிலேயே பழுக்க விட்டோம். அவற்றின் விதைகளை உலர்த்திச் சிறு பொட்டலங்களாகக் கட்டியிருக்கிறேன். ஒரு வீட்டில் ஒரே செடியாய் இருப்பது எந்த இனத்துக்கும் ஆபத்து. சங்கத்து அன்பர்கள் ஆளுக்கொரு பொட்டலம் பெற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.