டிப்ஸ் பிறக்கும் மணல் தடம்

பந்தய நாளுக்கு முன்தினம் ஆங்கில நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில், கிரிக்கெட் செய்திகளுக்குக் கீழே, பொடி எழுத்தில் ஒரு கட்டம் இடம்பெறுவதுண்டு. ஒவ்வொரு பந்தயத்துக்கும் மூன்று குதிரைகளின் பெயர்கள், அன்றைய தேர்வுகளில் மிக உறுதியானதெனக் கருதப்படும் ‘டேஸ் பெஸ்ட்’, இரு பந்தயங்களை இணைத்துக் கட்டுவதற்கான ‘டபுள்’, எந்தெந்தப் பந்தயங்கள் ஜாக்பாட்டில் சேரும், எவை டிரெபிளில் சேரும் என்பதைக் குறிக்கும் எண்கள் ஆகியவை அதில் அடங்கும். பந்தயம் கட்டுவோர் இதை ‘டிப்ஸ்’ என்றே அழைக்கின்றனர். அறியாதவர்களுக்கு ஆரூடமாகத் தோன்றும் இக்கட்டம், விடியற்காலையில் மணல் தடத்தில் பலர் செய்யும் வேலையின் கடைசிச் சுருக்கமாகும். அவ்வேலையின் தன்மையையும், அது பணமாக மாறும்போது யாருக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் அறிய, பெங்களூரு டர்ஃப் கிளப்பின் பயிற்சித் தடங்கள் ஏற்ற இடம்.

நகரின் நடுவே, ரேஸ் கோர்ஸ் சாலையை ஒட்டி அமைந்துள்ள இத்திடலில் பந்தயங்கள் புல்தரையில் நடைபெறுகின்றன. அன்றாடப் பயிற்சியோ பெரும்பாலும் மணலில், ‘அவுட்டர் சாண்ட்’, ‘இன்னர் சாண்ட்’ எனப்படும் வெளி, உள் தடங்களில் நடைபெறுகிறது. வெயில் ஏறுவதற்குள் பயிற்சி முடிந்தாக வேண்டுமாதலால், குதிரைகள் இருள் பிரியும் நேரத்திலேயே லாயத்திலிருந்து கூட்டங்கூட்டமாகக் கொண்டுவரப்படுகின்றன. குதிரையைப் பராமரிப்பவர் சைஸ் என்றும், பயிற்சியின்போது அதன்மேல் ஏறி ஓட்டுபவர் ரைடிங் பாய் என்றும் அழைக்கப்படுகின்றனர். பின்னவர்களுள் பலர் நடுவயதினராயினும் பெயர் மட்டும் மாறவில்லை.

சைஸின் நாள் குதிரையின் தீனித் தொட்டியில் தொடங்குகிறது. இரவு வைத்த தீனியில் மிச்சம் கிடந்தால், அது பயிற்சியாளரின் காதுக்குப் போகவேண்டிய முதல் செய்தி. அதன்பின் அவர் குதிரையின் முன்னங்கால் அருகே குந்தி அமர்ந்து, முழங்காலிலிருந்து குளம்பு வரை பின்பக்கத் தசைநாரை இரு விரல்களுக்கிடையே பிடித்து மெல்லக் கீழிறக்குகிறார். ஒரு காலில் மற்றதைவிடச் சூடு கூடுதலாகத் தெரிந்தால், வீக்கம் கண்ணுக்குத் தென்படும் முன்பே விரல் அதை அறிந்துவிடுகிறது. அன்றைக்கு அக்குதிரை ஓடுமா, நடக்க மட்டுமே செய்யுமா என்பது பெரும்பாலும் இந்தச் சில நொடிகளில் முடிவாகிறது. கால்நடை மருத்துவரின் பரிசோதனையும் ஸ்கேன் படமும் இதற்குப் பின்னரே வருகின்றன. எந்த டிப்ஸ் கட்டத்திலும் அச்சேறாத இவ்வறிவே, அந்தக் கட்டத்தில் ஒரு பெயர் இடம்பெறுவதற்கு முதல் நிபந்தனையாக இருக்கிறது.

தடத்தை நோக்கி, ஸ்டாப்வாட்சும் பைனாகுலருமாக நிற்பவர்களே டிப்ஸின் மூலப்பொருளைச் சேகரிப்பவர்கள். பயிற்சியில் ஓடும் குதிரைகள் பந்தய நாளில் போல எண் தாங்கி வருவதில்லை. நெற்றியின் வெள்ளைப் பட்டை, எந்தெந்தக் கால்களில் வெண்மை எதுவரை ஏறியிருக்கிறது என்பது, கழுத்தை வைத்துக்கொள்ளும் விதம், ஓட்டுபவர் உட்காரும் பாங்கு ஆகியவற்றைக் கொண்டே, மங்கலான வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான குதிரைகளுள் ஒன்றை அவர்கள் இனங்காண வேண்டியிருக்கிறது. தடத்தின் ஓரத்தில் 200 மீட்டருக்கு ஒன்றாக நிற்கும் கம்பங்களைக் குதிரை கடக்கும் கணத்தில் கட்டைவிரல் பொத்தானை அழுத்துகிறது. ஒரே நேரத்தில் வெவ்வேறு இடங்களில் இரண்டு மூன்று குதிரைகள் வேகமெடுக்கும்போது, பழகிய கண் ஒன்றை அளந்துகொண்டே மற்றொன்றின் தொடக்கத்தைப் பிடித்துவிடுவது வியப்புக்குரியது.

இவ்வாறு அளந்தவை மறுநாள் ஒருவகைச் சுருக்கெழுத்தில் வெளியாகின்றன. ‘1,000 மீ: 1-14, 600/44’ என்றிருந்தால், குதிரை 1,000 மீட்டரை 1 நிமிடம் 14 விநாடிகளில் ஓடியது என்றும், அதில் கடைசி 600 மீட்டருக்கு 44 விநாடிகள் எடுத்துக்கொண்டது என்றும் பொருள். அடைப்புக்குறிக்குள் ஓட்டியவரின் பெயர் வரும். ஓட்டியவர் ஜாக்கியாக இல்லாமல் ரைடிங் பாயாக இருந்தால், பெயருக்குப் பதிலாக ஆங்கிலத்தில் ‘ஆர்.பி.’ என்ற இரண்டு எழுத்துகளே வரும். இறுதியில் ஓரிரு சொற்களில் ஒரு மதிப்பீடு: எளிதாக ஓடியது, நெருக்கி ஓட்டப்பட்டது, நல்ல நிலையில் உள்ளது என்பன போல. புதிதாகப் படிப்பவர் எண்ணையே பார்ப்பார். தேர்ந்தவர் இந்த ஓரிரு சொற்களையே முதலில் பார்ப்பார்.

அதற்குக் காரணம் உண்டு. புல்தரையில் 1,200 மீட்டர் பந்தயம் ஏறத்தாழ 1 நிமிடம் 13 விநாடிகளில் முடிந்துவிடுகிறது. அதாவது 600 மீட்டருக்குச் சராசரியாக 36 அல்லது 37 விநாடிகளே ஆகின்றன. மணலில் 44 விநாடி என்பது, அக்குதிரை தன் முழு வேகத்தை வெளிக்காட்டவில்லை என்பதையே உணர்த்துகிறது. கனமான ஆள் ஏறியிருந்தாரா, இரவில் பெய்த மழையில் மணல் இறுகியிருந்ததா, பக்கத்தில் ஓடிய குதிரை இழுத்துச் சென்றதா, கடிவாளம் இறுக்கிப் பிடிக்கப்பட்டிருந்ததா என்பவற்றைச் சேர்த்துப் பார்க்காமல், ஒரே தூரத்தை 43 விநாடியில் கடந்த குதிரை 45 விநாடியில் கடந்ததைவிட மேலானது என்று முடிவுகட்ட இயலாது. தன் குதிரையின் உண்மையான நிலையை ஊருக்கெல்லாம் காட்டவேண்டிய கட்டாயம் எந்தப் பயிற்சியாளருக்கும் இல்லை என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது.

காலைக் குறிப்புகளோடு பந்தய அட்டை சேரும்போதுதான் தேர்வு உருவாகத் தொடங்குகிறது. இந்தியப் பந்தயங்களுள் பெரும்பாலானவை ‘ஹேண்டிகேப்’ முறையில் நடப்பவை. ஒவ்வொரு குதிரைக்கும் அதன் முந்தைய ஓட்டங்களைக் கொண்டு ஒரு தர எண் வழங்கப்பட்டு, ‘20 முதல் 45 வரை’ என்பது போன்ற வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டு, தர எண் கூடும் ஒவ்வொரு புள்ளிக்கும் அரை கிலோ வீதம் கூடுதல் எடை சுமத்தப்படுகிறது. எல்லாக் குதிரைகளும் ஒரே நேரத்தில் எல்லைக்கோட்டைத் தொடவேண்டும் என்பதே, கோட்பாட்டளவில், எடை வகுப்பாளரின் இலட்சியம். அந்த இலட்சியத்தில் அவர் எங்கே சறுக்கினார் என்று கண்டுபிடிப்பதே டிப்ஸ் எழுதுபவரின் வேலை. இதனோடு, குதிரை எந்தக் கூண்டிலிருந்து புறப்படுகிறது என்பதைத் தீர்மானிக்கும் ‘டிரா’, பிளிங்கர் எனப்படும் கண்பட்டை புதிதாக அணிவிக்கப்படுகிறதா என்பது, தேய்ந்த புல்லைக் காக்க உள்விளிம்பிலிருந்து சில மீட்டர் தள்ளி நிறுத்தப்படும் போலி வேலி எதுவரை நீள்கிறது என்பது ஆகியவையும் கணக்கில் சேர்கின்றன. ஆகவே நல்ல டிப்ஸ் என்பது நினைவாற்றலும் பொறுமையும் கலந்த கைத்தொழில். அதை ‘உள்ளிருந்து வந்த செய்தி’ என்று கிசுகிசுத்து விற்பவர்களுக்கும் இத்தொழிலுக்கும் தொடர்பில்லை.

இத்தேர்வுகள் பணமாக மாறுமிடம் இரண்டு. உரிமம் பெற்ற புக்கிகள் கட்டும் நேரத்திலேயே விகிதத்தைப் பேசி முடித்துவிடுகின்றனர். கட்டியவர் வென்றால் அது புக்கியின் நட்டம். டோட்டலைசேட்டர், சுருக்கமாக டோட், அவ்வாறானதன்று. எல்லோரும் கட்டிய பணத்தை ஒன்றாகத் திரட்டி, கிளப்பின் பிடித்தத்தைக் கழித்து, எஞ்சியதை வென்ற சீட்டுகளுக்குப் பங்கிடும் இம்முறை 1860-களில் பாரிஸில் ஜோசப் ஓலர் என்பவரால் வகுக்கப்பட்டது. இதற்கான முதல் தானியங்கிப் பொறி 1913-இல் நியூசிலாந்தின் எல்லர்ஸ்லி திடலில் நிறுவப்பட்டது. அதை வடிவமைத்த ஜார்ஜ் ஜூலியஸ் முதலில் அதனைத் தேர்தல் வாக்குகளை எண்ணுவதற்காகவே உருவாக்கியிருந்தார் என்பது சுவையான செய்தி.

இந்திய டோட்டில் தொகுப்புகள் பல. முதலிடத்துக்குக் கட்டுவது வின். பொதுவாக எட்டோ அதற்கு மேலோ குதிரைகள் ஓடினால் முதல் மூன்று இடங்களுள் ஒன்றுக்கும், அதற்குக் குறைந்தால் முதல் இரண்டுக்கும் கட்டுவது பிளேஸ். எஸ்.எச்.பி. என்பது குதிரை சரியாக இரண்டாவதாக வரவேண்டிய தொகுப்பு. வென்றுவிட்டாலும் பணம் இல்லை. முதல் இரண்டு குதிரைகளை வரிசையோடு சொல்வது ஃபோர்காஸ்ட், வரிசையின்றிச் சொல்வது குவினெலா, முதல் மூன்றையும் வரிசையோடு சொல்வது டனாலா. பன்னிரண்டு குதிரைகள் ஓடும் பந்தயத்தில் குவினெலாவுக்கு 66 வாய்ப்புகளும், ஃபோர்காஸ்டுக்கு 132-உம், டனாலாவுக்கு 1,320-உம் உண்டு. பங்குத்தொகை ஏன் ஒன்றைவிட ஒன்று எகிறுகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை. டிரெபிள் மூன்று பந்தயங்களையும், ஜாக்பாட் தொடர்ச்சியாக ஐந்து பந்தயங்களையும் வென்ற குதிரைகளைக் கேட்பவை. ஜாக்பாட்டில் ஒரு பந்தயத்துக்கு ஒரே குதிரையை நம்பி நிறுத்துவதைப் ‘பேங்கர்’ என்பர். ஐந்து பந்தயங்களுக்கு முறையே 2, 3, 1, 2, 2 எனக் குதிரைகளைத் தேர்ந்தால் 24 சீட்டுகளுக்கான பணம் கட்டவேண்டும். ‘டேஸ் பெஸ்ட்’ பெரும்பாலும் இந்தப் பேங்கராகவே பயன்படுகிறது.

டோட்டில் கட்டுபவர் கிளப்பை எதிர்த்துக் கட்டுவதில்லை, வரிசையில் முன்னும் பின்னும் நிற்பவர்களை எதிர்த்தே கட்டுகிறார் என்பது பலர் கவனிக்கத் தவறும் செய்தி. கணக்குக்காக, வின் தொகுப்பில் 1,00,000 ரூபாய் சேர்ந்து, ஐந்தில் ஒரு பங்கு பிடித்தம் போக 80,000 எஞ்சியது என்று கொள்ளலாம். ஒரு குதிரையின்மேல் 10,000 ரூபாய் மட்டும் கட்டப்பட்டிருந்தால், 10 ரூபாய்ச் சீட்டுக்கு 80 ரூபாய் கிடைக்கும். அதே குதிரை எல்லாக் கட்டங்களிலும் முதல் தேர்வாக அச்சாகி, அதன்மேல் 40,000 ரூபாய் குவிந்தால், அது வென்றாலும் கிடைப்பது 20 ரூபாயே. குதிரை ஒன்றுதான், ஓடிய நேரமும் ஒன்றுதான். டிப்ஸ் பரவியதால் அதன் விலைமட்டும் நான்கில் ஒன்றாகிவிட்டது. எனவே எல்லோருக்கும் தெரிந்த நல்ல டிப்ஸ், சரியாக இருந்தும் பயனற்றதாக இருக்கமுடியும். மணல் தடத்தில் நிற்பவர்களின் உழைப்பு கூர்மையடைய அடைய, அதை அச்சில் படித்துக் கட்டுபவரின் ஆதாயம் குறைகிறது என்பது இத்தொழிலின் உள்முரண்.

அரசின் பங்கு இதற்கு மேல். தமிழ்நாட்டில் பந்தயத்தைத் தடைசெய்ய 1974-இல் இயற்றப்பட்ட சட்டம் தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996-இல், குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்த விளையாட்டு, வெறும் அதிர்ஷ்டச் சூதாட்டமன்று என்று தீர்ப்பளித்தது. வரிச்சட்டம் அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தவில்லை. 2023 அக்டோபர் முதல் நடப்புக்கு வந்த திருத்தங்களின்படி, கட்டப்படும் தொகை முழுவதற்கும் 28 விழுக்காடு ஜிஎஸ்டி விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் அது சூதாட்டக் கூடங்களுக்கும் லாட்டரிக்கும் உரிய அதே 40 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. வரி தனியே சேர்த்து வசூலிக்கப்படுவதாகக் கொண்டால், 100 ரூபாய்க்குக் கட்ட 140 ரூபாய் செலவாகிறது; முன்னர்க் கண்ட பிடித்தக் கணக்கின்படி சராசரியாகத் திரும்புவது 80. முதலுக்கு மோசமில்லாமல் வெளியேறவே, கட்டுபவர் கூட்டத்தின் சராசரியைவிட முக்கால் மடங்கு கூடுதலாக ஈட்டவேண்டும். எந்த ஸ்டாப்வாட்சும் அந்த அளவுக்கு முன்னிலை தருவதில்லை. வரி கட்டாத கள்ளப் புக்கிகளிடம் கூட்டம் நகர்வதற்கு இந்த ஏற்பாடே வழிசெய்கிறது என்று கருதுவதில் தவறில்லை.

உதகையில் 52 ஏக்கரும் கிண்டியில் சுமார் 160 ஏக்கரும் கொண்ட பந்தயத் திடல்களை 2024-இல் தமிழ்நாடு அரசு தன்வசமாக்க முற்பட்டு, விவகாரம் நீதிமன்றம் சென்றபோதும், பேச்சு நிலத்தின் மதிப்பையும் குத்தகை பாக்கியையும் கிளப் உறுப்பினர்களையும் சுற்றியே இருந்தது. நகர நடுவில் இத்தனை நிலம் சிலரின் பொழுதுபோக்குக்கு வேண்டுமா என்ற கேள்வி நியாயமானதே. ஆயினும் சைஸ்களும் ரைடிங் பாய்களும் லாடம் அடிப்பவர்களும் அந்தக் கணக்கில் எங்கும் தென்படவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் 2020 மார்ச் முதல் பந்தயங்கள் மாதக்கணக்கில் நின்றன. டோட்டில் ஒரு ரூபாய் விழாதபோதும், குதிரைக்குத் தீனி வைப்பதும், கால் தடவிப் பார்ப்பதும், நடைபழக்குவதும் நின்றிருக்க முடியாது. தொகுப்பிலிருந்து எடுக்கப்படும் பிடித்தத்திலும், அதன்மேல் வசூலாகும் வரியிலும் ஒரு சிறு பங்கைச் சட்டப்படி ஒதுக்கி, இவர்களுக்கான மருத்துவக் காப்பீட்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் வழங்க மாநில அரசுகளும் கிளப்புகளும் முன்வரவேண்டும். திடல்களை மூடும் முடிவை எடுக்கும் அரசு, மாற்று வேலைக்கான திட்டத்தை அம்முடிவோடு சேர்த்தே அறிவிக்கவேண்டும்.