நீல் காயும் ஆர்கானிக் காயும்

அந்தமானில் ‘ஆர்கானிக்’ என்ற சொல் ஒரு தனிப் பொருளைப் பெற்றுவிட்டது: கடல் தாண்டி வராத காய் என்பதே அது.

இதற்குக் காரணம் உண்டு. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேருக்குச் சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். கப்பலில் மூன்று நாள் பயணம் செய்து வரும் காய்கறி வாடியிருக்கும். ஃபீனிக்ஸ் பே படகுத் துறையில் இறங்கும் நீல் தீவின் காயோ இரண்டு மணி நேரப் பயணத்தில் வந்தது, பசுமை மாறாதது. ஆகவே ‘அக்கா, இது ஆர்கானிக்கா?’ என்று கேட்பவருக்கு ‘நீல் காய்ம்மா’ என்று பதில் வந்தால் வியப்பதற்கில்லை. கேட்டது விளைவித்த முறையை. கிடைத்தது விளைந்த ஊரின் பெயர். ஆயினும் கேட்டவர் நிறைவோடு பையை நீட்டுகிறார், சில வேளை கூடுதல் விலைக்கும்.

நீல் தீவு, வங்கத்து அகதிக் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்ட மண். அந்தமானின் காய்கறிக் கூடை எனப் புகழப்படுவது. ஆனால் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஈர நிலத்தில் கத்தரியையும் தக்காளியையும் வாடல் நோயும் பூச்சியும் விட்டுவைப்பதில்லை. மருந்து தெளிக்க ஒட்டன்சத்திரத்து விவசாயிக்கு என்ன காரணங்கள் உண்டோ, அவையே இங்கும் உண்டு. தெளித்தாரா இல்லையா என்பதைத் தீவின் பெயர் சொல்லாது.

முறையான சான்று பெற்ற மண் இதே ஒன்றியப் பகுதியில், வெகு தெற்கே இருக்கிறது. கார் நிக்கோபார், நான்கௌரி தீவுக் கூட்டங்களின் 14,491 ஹெக்டேர் பரப்பு, பி.ஜி.எஸ்.-இந்தியாவின் பெரும்பரப்புச் சான்றளிப்புத் திட்டத்தின்கீழ் அங்கக நிலம் என அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் இத்தகுதி பெற்ற முதல் தொடர்ச்சியான பெருநிலம் அதுவே. வழக்கமாக ஓராண்டுப் பயிருக்கு இரண்டு ஆண்டும், மரப்பயிருக்கு மூன்று ஆண்டும் மாற்றக் காலம் காத்திருக்க வேண்டும். வேதியியல் இடுபொருள் புகாத நிலத்துக்கு அக்காத்திருப்பு தேவைப்படவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் அழித்த தென்னந்தோப்புகளை மீண்டும் எழுப்பிய நிக்கோபாரியர், சான்றிதழை எண்ணி உரத்தை ஒதுக்கியவர்கள் அல்லர். சான்றிதழ் அங்கே எதையும் மாற்றவில்லை. இருந்ததற்கு ஒரு பெயரும், சந்தையில் ஒரு விலைக்கான வாய்ப்பும் தந்தது. அந்த விலை தோப்புக்குரிய குடும்பத்தைச் சென்றடைகிறதா என்பதே கேட்கப்பட வேண்டியது.

சான்றிதழ் சான்றளிப்பது ஒரு செய்முறைக்கு மட்டுமே. தட்டில் விழும் காய்க்கு அன்று. இந்த வேறுபாடு மறைந்த இடத்தில்தான் பிற நம்பிக்கைகள் முளைக்கின்றன. ‘மருந்தே படாதது’ என்பது அவற்றுள் முதன்மையானது. அங்கக முறையில் வேம்பு சார்ந்த மருந்துகளும், பாசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் பாக்டீரியாவும், வரம்புக்குட்பட்டுச் செம்பு உப்புகளும் அனுமதிக்கப்பட்டவை. செம்பு மண்ணில் சிதையாது தங்குவது.

சத்து மிகுதி என்பதிலும் ஆய்வுலகம் ஒரே குரலில் பேசவில்லை. 2012-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட தொகுப்பாய்வு, அங்கக உணவு கூடுதல் சத்துடையது என்பதற்கு வலுவான சான்று இல்லை என்றது; பூச்சிக்கொல்லி எச்சம் குறைவு என்பதை ஏற்றது. 2014-இல் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் முன்னின்று நடத்திய தொகுப்பாய்வு, எதிர் ஆக்சிகரணிகள் மிகுதி என்றும் காட்மியம் குறைவு என்றும் கண்டது. இரண்டும் உடன்படுவது எச்சம் பற்றிய முடிவில். அதுவே சிறிய பயன் அன்று.

‘கழுவாமலே உண்ணலாம்’ என்போர் 2011-இல் ஜெர்மனியில் நடந்ததை அறிதல் நன்று. அங்கக முறைப் பண்ணை ஒன்று முளைகட்டிய வெந்தயத்தின் வழியே பரவிய ஈ. கோலை கிருமியால் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தொற்று விதையோடு வந்ததாகக் கண்டறியப்பட்டது. கிருமிக்கு வேளாண் முறை தெரியாது.

நம் சொற்களும் இம்மயக்கத்துக்குத் துணைபோகின்றன. அரசு ‘உயிர்ம’ என்கிறது. பாடநூல் ‘அங்கக’ என்கிறது. கடைப்பலகையோ ‘நஞ்சில்லா’ என்கிறது. முதலிரண்டும் முறையைக் குறிக்கின்றன. மூன்றாவது பொருளுக்கு உத்தரவாதம் தருகிறது. (வேதியியல் மாணவர் சிரிக்கக்கூடும்: ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிக்கொல்லியும் பெயரளவில் ‘ஆர்கானிக்’தான்.)

நீல் காய்க்கு வேறொரு மேன்மை உண்டு. அது தூய்மை அன்று, அண்மை. ஒவ்வொரு பூச்சிக்கொல்லிப் புட்டியிலும் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய நாள் எண்ணிக்கை அச்சிடப்பட்டிருக்கும். மூன்று நாள் கடலில் வந்த காயை விளைவித்தவர் யாரென விற்பவருக்கே தெரியாது. ஃபீனிக்ஸ் பேயில் இறங்கும் மூட்டையை அனுப்பியவரைத் தொலைபேசியில் அழைத்து, கடைசியாக எப்போது தெளித்தீர்கள், என்ன தெளித்தீர்கள் என்று கேட்டுவிடலாம். அந்தக் கேள்விக்குக் கூடுதல் விலையும் இல்லை.