எஸ்.எம்.பி.எஸ்-க்கு முதல் பணம்

ஐம்பதாயிரம், அறுபதாயிரம் ரூபாய்க்குள் கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய நினைப்பவர், சென்னை ரிச்சி தெருவுக்குப் போகும்போது மனசுக்குள் வைத்திருப்பது பெரும்பாலும் ஒரு கிராபிக்ஸ் கார்டின் பெயரைத்தான். அதில் நியாயம் இருக்கிறது. நொடிக்கு எத்தனை ஃபிரேம் ஓடும் என்பது முக்கியமாக அந்தக் கார்டின் கையில்தான் இருக்கிறது. ஆனால் பணம் குறைவாக இருக்கும்போது கணக்கை அங்கே தொடங்கக் கூடாது என்பது என் கட்சி. கம்ப்யூட்டரில் சில பாகங்கள் மூன்று நான்கு வருடத்தில் பழசாகிவிடும். சில பாகங்கள் எட்டு வருடம் போனாலும் அப்படியே உழைக்கும். முதல் பணம் உழைக்கிற பாகங்களுக்குப் போக வேண்டும். சீக்கிரம் பழசாகிற பாகத்தில்தான் சிக்கனம் பிடிக்க வேண்டும், ஏனென்றால் அதைக் கழற்றி மாற்றிக்கொள்ள முடியும்.

உழைக்கிற பாகங்களில் முதலாவது, மற்ற எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். விலை குறைந்த 'கேமிங் செட்'களில் பணம் மிச்சம் பிடிக்கப்படுவதும் இங்கேதான். கேபினட்டுக்குள் ஒளிந்திருப்பதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வாங்குமுன் அதன் பக்கவாட்டு லேபிளை ஒரு நிமிடம் படித்தால் போதும். மேலே பெரிய எழுத்தில் 450 வாட் என்றிருக்கும். கீழே கட்டத்துக்குள், ஒவ்வொரு வோல்ட்டிலும் எத்தனை ஆம்பியர் என்று பொடி எழுத்தில் இருக்கும். ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் தங்களுக்கு வேண்டியதை எடுப்பது 12 வோல்ட்டிலிருந்து. அங்கே 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால், பெருக்கிப் பாருங்கள்: 216 வாட்தான். ஆர்.எக்ஸ். 6600 போன்ற அடக்கமான கார்டே 132 வாட் எடுக்கும். 65 வாட் ப்ராசசரைச் சேர்த்தால் 197. ஃபேன், எஸ்.எஸ்.டி., மதர்போர்டு எதுவும் இன்னும் கணக்கில் வரவில்லை. கார்டு சில மில்லிநொடிகளுக்குத் தன் அளவைத் தாண்டி இழுப்பதும் வரவில்லை. நல்ல கம்பெனியின் 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். 12 வோல்ட்டில் மட்டுமே 500 வாட்டுக்கு மேல் தரும், ஐந்து வருடம் வாரண்டியும் இருக்கும். '80 பிளஸ்' முத்திரை இருந்தால் போதாதா என்று கேட்கலாம். அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சான்று. உள்ளே பாதுகாப்புச் சுற்றுகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை அது சோதிப்பதில்லை. மாலையில் வோல்டேஜ் இறங்கி, திடீரென்று ஏறும் நம் ஊர் லைனில், 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்று லேபிளில் போட்டிருப்பதை வாங்குவதுதான் புத்திசாலித்தனம். ஒரு மட்டமான எஸ்.எம்.பி.எஸ். போகும்போது தான் மட்டும் போவதில்லை, மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோக முடியும்.

அடுத்தது மதர்போர்டு. ஏ.எம்.டி. 2017-ல் முதல் ரைசன் ப்ராசசர்களை ஏ.எம்.4 சாக்கெட்டில் கொண்டுவந்தது. அந்த வருடம் நாலு கோர் ரைசன் 3 1200-ஐ ஒரு பி350 போர்டில் போட்டவர்களில் பலரால், பயாஸை மட்டும் அப்டேட் செய்து, 2022-ல் வந்த எட்டு கோர் 5800எக்ஸ்3டி-யை அதே போர்டில் மாட்டிக்கொள்ள முடிந்தது. இதே 2017-ல் இன்டெல் எட்டாம் தலைமுறையைக் கொண்டுவந்தபோது, சாக்கெட்டில் பின் எண்ணிக்கை மாறாமலே இருந்தும், முந்தைய போர்டுகள் அதை ஏற்கவில்லை. ப்ராசசரை மாற்ற நினைத்தவர் போர்டையும் மாற்ற வேண்டியிருந்தது. ஆகவே போர்டு வாங்கும்போது இன்று அதில் என்ன ஓடுகிறது என்பதோடு, நாளைக்கு எதை ஏற்கும் என்பதையும் கேட்டாக வேண்டும். 2022-ல் வந்த ஏ.எம்.5 சாக்கெட்டுக்கு 2027 வரையிலும் அதற்கு அப்பாலும் புது ப்ராசசர்கள் வரும் என்று ஏ.எம்.டி. சொல்லியிருக்கிறது. பணம் எட்டினால் அதுதான் என் தேர்வு.

மானிட்டரும் இந்த வரிசையில் வரும். 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள், 1440பி-யில் 36.9 லட்சம். 1440பி திரையை வாங்கியவர் தன் கார்டுக்கு ஒவ்வொரு ஃபிரேமிலும் முக்கால் பங்கு வேலையைக் கூட்டிவிடுகிறார். பட்ஜெட்டில் வாங்குபவருக்கு 1080பி போதும். கேபினட்டைப் பொறுத்தவரை, முன்பக்கம் கண்ணாடிக்குப் பதில் காற்று புகும் வலை இருக்கட்டும். சென்னை மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

சரி, இதிலேயே பணம் கரைந்துவிட்டால் கார்டுக்கு என்ன செய்வது? நியாயமான கேள்விதான். நல்ல எஸ்.எம்.பி.எஸ்-க்கும் மட்டமானதற்கும் வித்தியாசம் சில ஆயிரம் ரூபாய். அது கார்டில் ஒரு படி இறங்குவதற்குச் சமம். ஒரு படி இறங்கலாம். தேவைப்பட்டால் கார்டு இல்லாமலேகூடத் தொடங்கலாம். 2021-ல் கிரிப்டோ மைனிங் மோகத்தில், 329 டாலர் என்று அறிவிக்கப்பட்ட ஆர்.டி.எக்ஸ். 3060 பல இடங்களில் இரண்டு மடங்குக்கு விற்றது. அந்த வருடம் ரைசன் 5 5600ஜி வாங்கியவர்கள் அதற்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸில் வேலோரண்டும் ஜி.டி.ஏ. 5-ம் குறைந்த செட்டிங்கில் விளையாடிக்கொண்டு காத்திருந்தார்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங்கையே கைவிட்டது. அதற்குள் கார்டு விலையும் தரைக்கு வந்துகொண்டிருந்தது. இப்படிக் கார்டு இல்லாமல் தொடங்குபவர் ராமை மட்டும் ஒரே குச்சியாக வாங்கக் கூடாது. டி.டி.ஆர்.4 3200-ல் ஒரு குச்சி நொடிக்கு 25.6 ஜி.பி. தரும், இரண்டு குச்சி 51.2 தரும், ப்ராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் அந்த ராமை நம்பித்தான் ஓடுகிறது.

காத்திருந்தால் எல்லாமே விலை இறங்கும் என்று நான் சொல்லவில்லை. 2025 கடைசியில், ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதில் ராம் விலை சில மாதங்களில் இரண்டு மடங்கைத் தாண்டியது. ராம் விஷயத்தில் தேவையானதை முதலிலேயே வாங்கிவிடுவதுதான் சரி.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. நம் வீடுகளில் கம்ப்யூட்டருக்கு ஒருமுறைதான் பணம் கிடைக்கும், பிள்ளை காலேஜ் சேரும்போது. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பதெல்லாம் வசதி உள்ளவர் பேச்சு என்பார்கள். ஆனால் அந்த ஒருமுறைப் பணத்தைக் குறிவைத்தே 'ஐ7 கேமிங் பி.சி.' என்ற பெயரில் பழைய செட்கள் விற்கப்படுகின்றன. 2013-ன் ஐ7-4770-க்கும் 2022-ன் ஐ3-12100-க்கும் நாலு கோர், எட்டு த்ரெட் என்று கணக்கு ஒன்றேதான். வேகத்தில் ஐ3 வெகுதூரம் முன்னே. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ன் பட்டியலில் இன்டெல் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 11-ல் வேலோரண்ட் ஓட டி.பி.எம். 2.0-ம் செக்யூர் பூட்டும் வேண்டும். பழைய செட்டில் இதையெல்லாம் பின்னால் சரிசெய்வது கடினம். சரியான அடித்தளத்தோடு வாங்கிய செட்டில், பிற்பாடு பார்ட் டைம் சம்பளத்தில் ஒரு எஸ்.எஸ்.டி., அடுத்த வருடம் ஒரு கார்டு என்று சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. ஒருமுறைதான் பணம் வரும் என்கிற வீட்டுக்குத்தான் இந்த வழி அதிகம் தேவை. ஹாஸ்டலுக்குத் தூக்கிப்போக வேண்டியவருக்கு லேப்டாப்தான்; அதை நான் மறுக்கவில்லை.

கார்டைச் செகண்ட் ஹேண்டில் வாங்கலாம், எஸ்.எம்.பி.எஸ்-ஐ அப்படி வாங்கவே கூடாது. மைனிங்கில் ஓடிய கார்டில் பெரும்பாலும் தேய்ந்திருப்பது ஃபேனும் தெர்மல் பேடும்; இரண்டையும் மாற்றலாம். ஆனால் பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன், அங்கேயே ஒரு சிஸ்டத்தில் மாட்டி, ஏதாவதொரு கனமான கேமை அரைமணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். திரையில் புள்ளி தெறிக்கிறதா, ஃபேன் உறுமுகிறதா, சூடு எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். ஓட்டிக் காட்ட மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.