செம்புள்ளிகள்

நுழையும்முன்
துரு என்பது இரும்பின் உள்ளிருந்து புறப்படுவது என்றே நாம் எண்ணுகிறோம். எங்கிருந்தோ பறந்து வந்து ஒட்டிக்கொள்ளும் துருவும் உண்டு. அப்படிப்பட்ட புள்ளிகளை ஒரு வெள்ளை மகிழுந்தின்மேல் கண்டு, அறியாமல் கைவைத்த இளமைக்கால நிகழ்வொன்றைக் கூறுகிறது இக்கட்டுரை.

ஐப்பசி மழை ஓய்ந்து வெயில் முகம் காட்டிய ஒரு காலைப்பொழுது. மந்தைவெளியில் எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்த அப்பாவின் வெள்ளை மாருதி 800 மகிழுந்தின்மேல் அந்தப் புள்ளிகளை முதன்முதலாகக் கண்டேன். முன்மூடியிலும் கூரையிலும் யாரோ மிளகாய்ப்பொடியை அள்ளித் தூவியதுபோல இருந்தது. குனிந்து நோக்கினால், ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் ஊசிமுனையளவு கறுப்பு. அதைச் சுற்றிக் காவி நிறத்தில் ஒரு வட்டம். அது 2012ஆம் ஆண்டு. நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

வேறொரு சமயமாக இருந்திருந்தால் அப்புள்ளிகளை எவரும் பொருட்படுத்தியிருக்கமாட்டோம். அவ்வாண்டு தை மாதத்தில் அக்காவுக்குத் திருமணம் உறுதியாகியிருந்தது. செலவை ஈடுகட்ட அப்பா வண்டியை விற்க முடிவு செய்திருந்தார். அடையாற்றிலிருந்து ஒருவர் முன்பே வந்து பார்த்து, விலையும் பேசிச் சென்றிருந்தார். முன்பணம் தருவதற்காக அன்று மாலை மீண்டும் வந்தவர் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். முன்மூடியருகே நின்றார். "துரு ஏறிவிட்டதே ஐயா. கடற்கரைப் பக்கத்து வண்டி. ஆறு மாதத்தில் ஓட்டை விழும்" என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. வந்தவர் நல்ல மனிதர்; விலையைக் குறைக்கக்கூட முயலவில்லை. துருவுக்கு ஒரு வழி செய்தால் மறுபடியும் பேசலாம் என்று கூறிவிட்டுப் போனார். ஒரு பட்டறையில் கேட்டபோது, முழுவண்டிக்கும் புதிதாக வண்ணம் பூச வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகைக்கு வண்டியை விற்காமலேயே இருந்துவிடலாம்.

மறுநாள் பாட்டிக்கு உடல்நலமில்லை என்று செய்தி வர, அப்பா கும்பகோணம் சென்றார். அவர் திரும்புவதற்குள் அப்புள்ளிகளை நானே அகற்றிவிடுவது என்று தீர்மானித்தேன். பாத்திரம் துலக்கும் தூளையும் தேங்காய் நாரையும் எடுத்துக்கொண்டு முன்மூடியின் இடப்பக்கத்தில் தொடங்கினேன். அரைமணி நேரம் தேய்த்தேன். புள்ளிகள் மங்கின. வாளியிலிருந்த நீர் பால்போல வெளுத்தது. நுரை என்று எண்ணி மகிழ்ந்தேன். நீரூற்றிக் கழுவியபின்தான், உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய ஓர் இடம் மெருகிழந்து சுண்ணாம்புச் சுவர்போல் நிற்பது தெரிந்தது. வாளியில் இருந்தது அழுக்கன்று. அப்பாவின் வண்டியின் வெள்ளை நிறம். அழுக்கு எங்கேனும் வெண்மையாக இருக்குமா என்று அந்த அரைமணி நேரத்தில் எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை. அம்மா வந்து பார்த்தார். "அப்பா வரட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் வாகனங்களுக்கு வண்ணம் பூசும் சிறு பட்டறை வைத்திருந்தார். புதுப்பேட்டையில் தொழில் பழகியவர். அவரிடம் சென்று நடந்ததைக் கூறினேன். அவர் வந்து வண்டியைப் பார்த்தார், நான் தேய்த்த இடத்தையும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கழுவித் துடைத்த முன்மூடியின் வலப்பக்கத்தில், மெல்லிய பிளாஸ்டிக் பையொன்றைக் கையுறைபோல மாட்டிக்கொண்டு மெதுவாகத் தடவினார். என்னையும் அவ்வாறே தடவச் சொன்னார்.

"கண்ணால பாக்காதீங்க தம்பி, கையால பாருங்க."

கண்ணுக்கு வழுவழுப்பாகத் தோன்றிய அந்தப் பரப்பு, பைக்குள் இருந்த விரல்களுக்கு உப்புத்தாளைப்போல நெறுநெறுத்தது. வெறுங்கைக்குத் தட்டுப்படாத நுண்மேடுகள், நடுவே ஒரு மெல்லிய உறை வந்தவுடன் தட்டுப்படுகின்றன. "இது காரோட துரு இல்ல. எங்கேயோ கெடந்த இரும்பு, பறந்து வந்து ஒட்டிக்கிச்சு. உள்ள இருக்கிற தகடு நல்லாத்தான் இருக்கு" என்றார் பெரியவர். தகடு துருப்பிடித்திருந்தால் வண்ணம் உள்ளிருந்து கொப்பளித்து எழும். தட்டினால் செதில் செதிலாக உதிரும். இங்கே ஒரு கொப்பளம்கூட இல்லை. புள்ளிகள் மேலிருந்து கீழ்நோக்கி இறங்கியவை. கதவுகளின் செங்குத்தான பக்கங்களில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல், மழையும் தூசியும் விழும் கூரையிலும் முன்மூடியிலும் மட்டும் அவை நெருங்கியிருந்ததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

எங்கிருந்து வந்த இரும்பு? தெருமுனையில் ஒரு கிரில் பட்டறை இருந்தது. புதிதாக எழும்பிய அடுக்ககம் ஒன்றுக்காக அங்கே ஒரு மாதமாக இரவும் பகலும் இரும்புக் கம்பிகளை அறுத்துக்கொண்டிருந்தார்கள். அறுக்கும் சக்கரத்திலிருந்து தெறிக்கும் பொன்னிறப் பொறிகளை நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். தீபாவளிக் கம்பி மத்தாப்பில் பூப்பூவாய்ச் சிதறும் பொறிகளுக்கு அவை உறவினர். இரண்டிலும் எரிவது இரும்புத்துகளே. சுடச்சுட வந்து விழும் துகள், வண்ணப்பூச்சை இளக்கி அதனுள் பதிந்துகொள்கிறது. பூச்சின் மொத்தக் கனமே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். வெயில் காலத்தில் அத்துகள் கண்ணில் படாமல் கிடக்கும். மழை வந்ததும் துருப்பிடிக்கும். துருப்பிடித்த இரும்பு தன் பழைய பருமனைப்போல இரு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். நெருக்கித் தள்ளி, பூச்சில் வெடிப்பை உண்டாக்கும். அவ்வழியே நீர் இறங்கினால், அயல் துரு உள்ளிருக்கும் தகட்டையும் துருவேற்றிவிடும். அடையாற்றுக்காரர் சொன்னது முற்றிலும் தவறன்று. காலத்தைத்தான் அவர் சற்று முந்திக்கொண்டார்.

கிரில் பட்டறையை மட்டும் குறை கூறிப் பயனில்லை. வாகனங்கள் நிறுத்தியை அழுத்தும்போதெல்லாம் வார்ப்பிரும்பு வட்டுகள் தேய்கின்றன. தண்டவாளமும் சக்கரமும் உரசும் இடங்களிலெல்லாம் இரும்பு பொடியாகிறது. மேலைநாடுகளில் இப்புள்ளிகளுக்கு 'ரயில் தூசி' என்றே பெயர் வழங்குகிறது. தொழிற்சாலையிலிருந்து தொடர்வண்டியில் ஏற்றி அனுப்பப்பட்ட புத்தம்புதிய மகிழுந்துகள், விற்பனையகம் சேர்வதற்குள் புள்ளி விழுந்து நின்றதால் வந்த பெயர் அது. நம் ஊரிலோ கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே, மாம்பலம் வழியாக, 1931 முதல் மின்தொடர்வண்டி ஓடுகிறது. பக்கிங்காம் கால்வாயை ஒட்டி உயர்ந்து செல்லும் பறக்கும் தொடர்வண்டி 1997இல் திருமயிலையை எட்டியது. 2007இல் வேளச்சேரியை அடைந்தது. இவற்றோடு கடற்காற்றும் சேர்கிறது. உப்பு ஈரத்தை ஈர்த்துப் பிடித்துவைக்கும். உப்பிலுள்ள குளோரைடு துருப்பிடித்தலை விரைவுபடுத்தும். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலத்திலும் நிதியிலும் உருவாகி 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அரிமானத்தைப் பற்றித் தொடர்ந்து ஆராய்ந்துவருகிறது. நாட்டின் எப்பகுதியில் உலோகம் எவ்வளவு விரைவாக அரிக்கப்படுகிறது என்று காட்டும் வரைபடத்தையும் அது உருவாக்கியுள்ளது. கடலோரத்தில் குடியிருப்போருக்கு அவ்வரைபடத்தைக் காணாமலேயே விடை தெரியும். எங்கள் வீட்டுச் சன்னல் கம்பிகளே அதைச் சொல்லும்.

பெரியவர் மறுநாள் விடியற்காலையில் வந்தார். வெயில் ஏறித் தகடு சூடாகிவிட்டால் மருந்து உலர்ந்து, பூச்சைக் கெடுக்கும் என்பதால் அந்நேரம். தியாகராயநகரில் மகிழுந்துகளுக்கு மெருகேற்றும் கடையொன்றில் பணியாற்றிய தம் மகனிடமிருந்து ஒரு தெளிப்பான் புட்டியை வாங்கி வந்திருந்தார். முகத்தில் துணி கட்டி, கையுறை அணிந்து, கழுவிய முன்மூடியின்மேல் அந்த நிறமற்ற நீர்மத்தைத் தெளித்தார். ஓரிரு நிமிடங்கள் ஒன்றும் நிகழவில்லை. பின்னர் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கத்தரிப்பூ நிறம் கசியத் தொடங்கியது. கசிந்து, திரண்டு, கோடுகோடாக வழிந்தது. வெள்ளை வண்டி எங்கும் ஊதாக் கண்ணீர். அவ்வாண்டு எங்கள் வேதியியல் பாடத்தில் இருந்த அணைவுச் சேர்மங்களைத் தேர்வுக்கென மனப்பாடம் செய்திருந்தேன். அவை வாசலில் நிறம் காட்டி ஓடும் என்று நினைத்ததில்லை. மருந்திலுள்ள தயோகிளைகாலேட், இரும்பு அயனியைப் பற்றி நீரில் கரையும் அணைவுச் சேர்மமாக்குகிறது. அந்நிறம் அதனுடையது. நாற்றமோ அழுகிய முட்டையினுடையது. மூக்கைப் பொத்தியபடி எட்டிப்பார்த்த அக்கா, "அழகு நிலையத்தில் தலைமுடியைச் சுருட்டும்போது இதே நாற்றம் வருமே" என்றாள். அவள் மூக்கு பொய் சொல்லவில்லை. முடியைச் சுருட்டப் பயன்படுவதும் அதே வகைச் சேர்மந்தான்.

அம்மாவுக்கு இதில் வியப்பேதும் இல்லை. வேட்டியில் ஆணித்துரு பட்டால் எலுமிச்சைச் சாற்றையும் உப்பையும் தடவி வெயிலில் போடுவது அவர் வழக்கம். எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும் இரும்பைப் பற்றி இழுத்துக் கரைப்பதே. "தேய்த்தால் துணி கிழியும், கறை போகாது; அதைக் கேட்டிருக்கலாமே" என்றார். கேட்டிருக்கலாம். ஆயினும் வண்டிக்கு எலுமிச்சை ஆகாது என்று பெரியவர் தடுத்துவிட்டார். அமிலம் உலர்ந்தால் பூச்சில் தழும்பு விழுமாம்.

மருந்து உலருமுன் நிறைய நீரூற்றிக் கழுவினார். நடுவிலிருந்த கறுப்பு மணிகள் சில இன்னும் பிடிவாதமாக நின்றன. அவற்றுக்கு ஒருவகைக் களிமண் வைத்திருந்தார். மாவுபோலப் பிசைந்து தட்டையாக்கி, சோப்பு நீர் தெளித்த பரப்பின்மேல் அழுத்தாமல், முன்னும் பின்னும் நேர்க்கோட்டில் நகர்த்தினார். முதலில் கரகரவென்று ஓசை எழுந்தது. சில நகர்த்தல்களில் அது அடங்கி, கை வழுக்கியது. ஓசை அடங்கினால் அவ்விடம் முடிந்தது என்று பொருள். களிமண்ணைத் திருப்பிக் காட்டினார். அதன் முகத்தில் எள் பதித்ததுபோல இரும்புத்துகள்கள். அதை உள்ளே மடித்துப் புதுமுகம் வெளிவரப் பிசைந்தார். ஒருமுறை கைதவறிக் களிமண் தரையில் விழுந்தது. தயங்காமல் அத்துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்றை எடுத்தார். தெருமணல் ஒன்று ஒட்டியிருந்தாலும் வண்டி முழுவதும் கீறலாகிவிடும். விலையுயர்ந்த களிமண், அவர் முகத்தில் அந்த இழப்பு சற்றே தெரிந்தது. உச்சிவேளைக்குள் கூரையும் முன்மூடியும் முடிந்தன. மெழுகு பூசித் துடைத்தார்.

நான் தேய்த்த இடத்தை அவரால் முழுவதும் மீட்க முடியவில்லை. மெருகுக்கலவை போட்டுப் பார்த்தார். கொஞ்சம் ஒளி வந்தது. "இதுக்கு மேல தேய்ச்சா அடிப்பூச்சு தெரிஞ்சிடும்" என்று நிறுத்திக்கொண்டார். கூலியாக அவர் கேட்டது, பட்டறையில் சொன்ன தொகையில் சிறு பங்குகூட இல்லை.

அப்பா திரும்பிய மறுநாளே அடையாற்றுக்காரர் வந்தார். பிளாஸ்டிக் பைக்குள் கையை நுழைத்துத் தடவிப் பார்க்கும்படி அவரிடம் நான்தான் சொன்னேன். தடவினார், சிரித்தார். காலைவெயில் நேராக முன்மூடியில் விழுந்ததால் கண் கூசியது. மங்கிய இடம் அவர் பார்வைக்குத் தப்பியிருந்தது. முன்பணத்தை எடுக்க அவர் சட்டைப்பையில் கைவைத்தபோது, அப்பா அவரை இடப்பக்கம் அழைத்துச் சென்று, நிழல் விழும்படி நின்று, விரலால் அவ்விடத்தைச் சுட்டினார். "இது துரு அல்ல. வீட்டில் தேய்த்ததில் பூச்சு போய்விட்டது. இதற்கு என்ன குறைக்க வேண்டுமோ குறைத்துக்கொள்ளுங்கள்" என்றார். யார் தேய்த்தது என்று சொல்லவில்லை. வந்தவர் கணக்குப் பார்த்து ஒரு தொகையைக் குறைத்துக்கொண்டார். இப்போது எண்ணிப் பார்த்தால் நியாயமான தொகைதான். அன்று எனக்கு அவர்மேல் வந்த சினத்துக்கு அளவில்லை.

இப்போது மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளுக்காக லஸ்ஸிலும் மந்தைவெளியிலும் அடையாற்றிலும் பனகல் பூங்கா அருகிலும் இரும்பை அறுக்கிறார்கள், பற்றவைக்கிறார்கள். மழைக்காலம் முடிந்ததும் தியாகராயநகரின் தெருவோரங்களில் நிற்கும் வெள்ளை மகிழுந்துகளில் அதே செம்புள்ளிகளைக் காண்கிறேன். உரிமையாளர் அருகில் இருந்தால், தேய்த்துவிட வேண்டாம் என்று சொல்லத் தோன்றும். சிலரிடம் சொல்லியும் இருக்கிறேன். அடையாற்றுப் பக்கம் போகும்போது மட்டும், பழைய வெள்ளை மாருதி எதைக் கண்டாலும் அதன் முன்மூடியின் இடப்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டே கடக்கிறேன்.