கதவுத் தூணில் உள்ள அளவு

ஒக்ரோபர் பாதி கடந்துவிட்டால் மொன்றியலில் ரயர்க் கடைத் தொலைபேசி ஓய்வதில்லை. "தம்பி, வின்ரர் ரயர் நாலு வேணும், விலையைச் சொல்லு" என்பார்கள். சைஸ் கேட்டால், காரில் இப்போது பூட்டியிருக்கிற ரயரைப் பார்த்து வாசிப்பார்கள். நான் உடனே விலை சொல்வதில்லை. "அண்ணை, சாரதிப் பக்கக் கதவைத் திறவுங்கோ. கதவு சாத்துற தூணிலை ஒரு ஸ்ரிக்கர் இருக்கும். அதைப் படமெடுத்து அனுப்புங்கோ" என்பேன். ரயரில் உள்ள எண், காரை முன்பு வைத்திருந்தவர் ஆசைப்பட்டு மாற்றியதாக இருக்கலாம். தூணில் உள்ள எண்ணைக் காரைச் செய்தவர்கள் அதன் எடையையும் பிறேக்கையும் சில்லு திரும்ப வேண்டிய இடத்தையும் கணக்கிட்டு எழுதியிருக்கிறார்கள். என் வேலை அந்த ஸ்ரிக்கரில்தான் தொடங்குகிறது.

அதில் 205/55 ஆர் 16, 91 எச் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 205 ரயரின் அகலம், மில்லிமீற்றரில். 16 றிம்மின் விட்டம், அங்குலத்தில். நடுவில் உள்ள 55தான் பலரைக் குழப்புகிறது. அது பக்கச்சுவரின் உயரம், ஆனால் அகலத்தின் வீதமாகச் சொல்லப்பட்டது. 205இல் 55 வீதம் ஏறத்தாழ 113 மில்லிமீற்றர். அகலத்தை மாற்றினால் அதே 55 வேறொரு உயரத்தைத் தரும். 91 என்பது ஒரு ரயர் 615 கிலோ தாங்கும் என்பதற்கான குறியீடு. எச், மணிக்கு 210 கிலோமீற்றர் வரையான வேகம்.

கியூபெக்கில் 2008இலிருந்து வின்ரர் ரயர் சட்டக் கட்டாயம். 2019 முதல் அது டிசெம்பர் 1இல் தொடங்கி மார்ச் 15 வரை செல்லும். ஆணி வைத்த ரயர் தவிர மற்றவற்றின் பக்கத்தில் மூன்று சிகர மலையும் பனித்துகளும் உள்ள முத்திரை இருக்க வேண்டும். ரயரின் வகையைச் சட்டம் இப்படிச் சொல்லிவிடுகிறது. உங்கள் காருக்கு எந்த அளவு பொருத்தம் என்று தெரிந்து தருவது பூட்டுகிறவனின் பொறுப்பு.

பலருக்கு நான் சொல்வது, கோடையில் ஓடுகிற றிம்மை விட ஒன்று அல்லது இரண்டு அங்குலம் சிறியதை எடுங்கள் என்பதுதான். 2016இல் வந்த பத்தாம் தலைமுறை ஹொண்டா சிவிக்கை எடுத்துக்கொள்வோம். அதன் சில பதிப்புகள் 235/40 ஆர் 18 ரயரோடு வந்தன. 235இல் 40 வீதம் 94. மேலும் கீழுமாக 188. றிம்மின் 457ஐக் கூட்டினால் முழு விட்டம் 645 மில்லிமீற்றர். அதே சிவிக்கின் விலை குறைந்த பதிப்பில் 215/55 ஆர் 16 இருக்கும். அதைக் கணக்கிட்டால் 643 வருகிறது. இரண்டு மில்லிமீற்றர்தான் வித்தியாசம். வேகமானி பொய் சொல்லாது, ஏபிஎஸ் குழம்பாது, சில்லு மட்கார்ட்டில் உரசாது. முழு விட்டம் மூன்று வீதத்துக்கு மேல் மாறுகிற அளவை நான் பூட்டுவதில்லை. ஒரு வீதத்துக்குள் நிற்கவே பார்ப்பேன்.

அகலமும் 235இலிருந்து 215க்கு ஒடுங்குவது ஏன் நல்லது? வயற் சேற்றில் பலகையை வைத்தால் மேலே நிற்கும், குதிக்காலை ஊன்றினால் அடித்தரை வரை இறங்கும். புதிதாய் விழுந்த பனியிலும் பாதி உருகிய பனிக்கூழிலும் ரயருக்கு நடப்பது அதுதான். அகலமான ரயர் முன்னால் அதிகப் பனியைத் தள்ள வேண்டும், கூழின் மேல் மிதக்கவும் செய்யும். ஒடுங்கியது அதைப் பிளந்து றோட்டைத் தொடுகிறது. ஆனால் இதை எல்லா இடத்துக்கும் நீட்டக் கூடாது. வழுவழுத்த பனிக்கட்டியில் அகலத்தை விட றப்பரின் மென்மையும் பட்டிகளில் கீறியிருக்கும் மெல்லிய வெட்டுகளும்தான் பிடித்துக்கொடுக்கும். ஏழு பாகைக்குக் கீழே வெப்பநிலை போனால் கோடை ரயரின் றப்பர் இறுகத் தொடங்குகிறது. அந்த இறுகிய றப்பரை எந்த அகலமும் காப்பாற்றாது.

பக்கச்சுவர் உயர்வதால் வரும் நன்மை மார்ச் மாதத்தில் தெரியும். உறைந்தும் உருகியும் வெடித்த மொன்றியல் தெருக்கள் அப்போது குழிகளாய்க் கிடக்கும். 40 வீதச் சுவருள்ள 18 அங்குலச் சில்லு ஒரு குழியில் விழுந்தால் அடி நேராக அலுமினியத்துக்குப் போகும். 215/55 ரயரின் 118 மில்லிமீற்றர் சுவர் அந்த அடியில் பெரும்பகுதியைத் தானே வாங்கிக்கொள்ளும். சிறிய அளவு விலையும் குறைவு. அழகுக்காக 18ஐ விட மனமில்லாதவர்களிடம் நான் வாதாடியே இருக்கிறேன். கோடையில் அழகாக ஓடட்டும், குளிர்காலத்தில் இரும்பு றிம் போதும் என்பது என் உறுதியான எண்ணம்.

எவ்வளவு சிறிதாக்கலாம் என்பதைப் பிறேக் தீர்மானிக்கிறது. றிம்மின் உள்வளையத்துக்கும் கலிப்பருக்கும் இடையே இடைவெளி வேண்டும். அதே மொடலின் விளையாட்டுப் பதிப்புக்குப் பெரிய பிறேக் பூட்டியிருந்தால், கீழ்ப் பதிப்பின் றிம் அதில் ஏறாது. நட்டுத் துளைகளும் நடுத்துளையும் இன்னொரு பொறி. மச்சானின் ரொயோட்டா கம்றியில் இருந்த றிம்மைத் தன் சிவிக்குக்குக் கொண்டுவருகிறவர் உண்டு. இரண்டிலும் ஐந்து நட்டு, துளைவட்டம் 114.3 மில்லிமீற்றர். ஆனால் ரொயோட்டாவின் நடுத்துளை 60.1, ஹொண்டாவின் அச்சுமுனை 64.1. உள்ளே போகவே போகாது. மறுபக்கமாய் ஹொண்டா றிம்மை ரொயோட்டாவில் வைத்தால் ஏறிவிடும், இடைவெளி மிஞ்சும். நடுவில் ஒரு வளையம் போடாவிட்டால் வேகத்தில் ஸ்ரியறிங் நடுங்கும்.

தாங்கும் எடையில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. வின்ரர் ரயரில் வேகக் குறியீடு ஓரளவு இறங்கலாம். எச் இருந்த இடத்தில் 190 கிலோமீற்றருக்கான ரி வந்தாலும் நம் பனிக்கால ஓட்டத்துக்குத் தாராளம். எடைக் குறியீடு தூணில் உள்ளதை விட ஒன்றுகூடக் குறையக் கூடாது. மின்சாரக் கார்கள் வந்த பிறகு இது இன்னும் கண்டிப்பாகிவிட்டது. டெஸ்லா மொடல் 3இன் 235/45 ஆர் 18 ரயரில் 98 என்று இருக்கும், அதாவது ஒன்றுக்கு 750 கிலோ. அதே அளவில் குறைந்த எண்ணோடு மலிவாய்க் கிடைத்தது என்று கொண்டுவந்தால், அக்கா என்றாலும் ஐயா என்றாலும் திருப்பித்தான் அனுப்புவேன். குடும்பம் ஐந்து பேரும் சாமான்களும் ஏறி ரொறன்ரோவுக்கு 401இல் போகிறபோது அந்த எண்தான் எல்லோரையும் சுமக்கிறது.

"முன் சில்லுக்கு மட்டும் ரெண்டு போடு, காசு கொஞ்சம் இறுக்கம்" என்று கேட்பவர்களின் நிலை எனக்கு விளங்குகிறது. ஆனால் முன் சில்லு பிடித்து, பின் சில்லு வழுக்கினால் வளைவில் காரின் பின்பக்கம் சுழன்று முன்னே வந்துவிடும். அவர்களுக்கு நல்ல நிலையில் உள்ள பழைய ரயர் நாலு தேடித் தருவேன், நாலு மில்லிமீற்றருக்கு மேல் பட்டி உள்ளதாகப் பார்த்து. நாலு சில்லுக்கும் இழுவை போகிற வாகனங்களில் அளவு நாலிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். சுற்றளவு வேறுபட்டால் முன்னையும் பின்னையும் இணைக்கும் பொறி ஓயாமல் உராய்ந்து சூடாகிப் பழுதாகும்.

காற்றும் அளவின் ஒரு பகுதி. கராஜுக்குள் 20 பாகைச் சூட்டில் 33 பிஎஸ்ஐ அடித்து அனுப்பினால், வெளியே மைனஸ் 20இல் அது 26 அளவில் நிற்கும். வெப்பநிலை ஐந்தாறு பாகை இறங்க ஒரு பிஎஸ்ஐ இறங்குகிறது. காற்றிறங்கிய ரயர், எழுதப்பட்ட எடையைத் தாங்காது. ஆகவே குளிர் இறங்கிய காலையில், ஓடுமுன் பார்க்கச் சொல்வேன்.

பூட்டியதும் ஸ்ரியறிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, சில்லைக் கையால் சுற்றி, எங்காவது உரசுகிறதா என்று காது கொடுப்பேன். பிறகு நட்டுகளை அளவு முறுக்கியால் குறுக்குக் குறுக்காக இறுக்குவேன். புது றிம் படிந்து உட்காருகையில் நட்டு சற்றுத் தளரலாம் என்பதால் 100 கிலோமீற்றர் ஓடியதும் வந்து காட்டச் சொல்கிறேன். வராதவர்களை நானே தொலைபேசியில் கூப்பிடுவேன்.