கடற்கரையில் நிற்கும் டூப்ளே

கருணாபுரத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்கள், வழியிலே தியாகதுருகத்துக் குன்றை ஒரு முறை ஏறிட்டுப் பார்க்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அதன் கோட்டைக்காகப் போராடினார்கள். அந்தப் போட்டியை வளர்த்தவர்களில் தலையானவர் டூப்ளே. அவருடைய சிலையைக் காட்டுவதற்காகவே என் மாணவ மாணவிகள் இருபது பேரை அழைத்துச் சென்றேன்.

முதலில் வேதபுரீசுவரர் சந்நிதியில் தரிசனம் செய்தோம். அங்கே ஒரு பெரியவர், "இது பின்னால் எழுந்த கோயில். பழைய கோயிலை 1748ஆம் வருஷத்து முற்றுகையின்போது பிரஞ்சுக்காரர் இடித்துவிட்டார்கள்" என்று பிள்ளைகளுக்குச் சொன்னார்.

பிறகு கடற்கரையின் தென்கோடிக்குப் போனோம். டூப்ளே அங்கே கம்பீரமாக நிற்கிறார். 1742 முதல் 1754 வரை கவர்னராக இருந்தவர். திருப்பி அழைக்கப்பட்டு, 1763இல் பாரிஸில் வறுமையில் மாண்டார். நூறாண்டுகளுக்கும் மேல் கழித்து, 1870இல், அவருக்கு இந்தச் சிலை எழுந்தது. இதையெல்லாம் உருக்கமாக எடுத்துரைத்தேன்.

ஒரு சிறுமி கேட்டாள்: "ஐயா, கோயிலை இடித்தபோதும் இவர்தானே கவர்னர்? வகுப்பில் அதைச் சொல்லவில்லையே?"

எனக்கு நாவெழவில்லை. அவள் சொன்னது வாஸ்தவம். எத்தனையோ வருஷங்களாக டூப்ளேயின் தோல்விக்கு இரங்கிப் பாடம் நடத்தியவன் நான். அவரிடமே துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, கோயில் இடிபட்ட துயரத்தைத் தமது தமிழ் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பிரஞ்சுக்காரனின் துக்கத்தைச் சொன்ன நான், நம்மவரின் துக்கத்தைச் சொல்லாமல் விட்டேன்.

"அப்படியானால் சிலையை எடுத்துவிட வேண்டாமா?" என்றான் ஒரு பையன். சென்னையில் நீலின் சிலையை அகற்றும்படி 1927இல் தேசபக்தர்கள் சத்தியாக்கிரகம் செய்ததையும், 1937இல் ராஜாஜியின் மந்திரிசபை அதை மியூசியத்துக்கு அனுப்பியதையும் சொன்னேன். அங்கே அது வணக்கத்துக்குரிய பொருளல்ல, சரித்திரச் சான்று. புதுச்சேரியோ 1954இல் பிரஞ்சு ஆட்சியினின்றும் விடுபட்ட பின்னரும் டூப்ளேயை வைத்துக்கொண்டிருக்கிறது. அதே கடற்கரையில், கற்றூண்கள் சூழக் காந்தியடிகளும் நிற்கிறார்.

டூப்ளே நிற்கட்டும், அதனால் நமக்குக் குறைவில்லை. ஆனால் அவரைக் குழந்தைகளுக்குக் காட்டுகிறவர்கள் முதலில் வேதபுரீசுவரர் கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டும். திரும்பும்போது தியாகதுருகத்துக் குன்று இருளில் தெரிந்தது. மறுநாள் அந்தப் பாடத்தை முதலிலிருந்து மறுபடி நடத்தினேன்.