வல்லை வெளியில் ஓர் ஒஸ்ரின்

மோட்டார்ப் பந்தயம் என்றதும் இலங்கையருக்கு நுவரெலியாவே நினைவுக்கு வரும். அங்கே மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934 ஆம் ஆண்டிலே ஆரம்பமாயிற்று. அந்நாளில் இங்கிலாந்தில் ‘ஒஸ்ரின் செவின்’ என்னும் சிறு வண்டி பெரும்புகழ் பெற்றிருந்தது. 1922 முதல் 1939 வரை செய்யப்பட்ட அதன் எஞ்சின் பெரும்பாலும் 747 சி.சி. அளவினதே. ஆயினும் ஆர்வலர் அதன் உடலைக் கழற்றி, மெல்லிய தகட்டால் ஒடுங்கிய கூடு அமைத்துப் பந்தய வண்டியாக்கினர். லோட்டஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த கொலின் சப்மன் தமது முதல் வண்டியைக் கட்டியதும் அதன் மீதேதான்.

யாழ்ப்பாணத்திலும் ஒஸ்ரின் உருமாறிற்று. ஆனால் பந்தயத்துக்காக அன்று, பிழைத்திருப்பதற்காக.

இரண்டாம் உலகப் போரின் பின் வந்த ஏ-40 சோமர்செற், ஏ-55 கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் ஆகியனவே நெடுங்காலம் நம் வீதிகளை ஆண்டவை. நோயாளியை ஆஸ்பத்திரிக்கும் மணமகனைக் கலியாண வீட்டுக்கும் கொண்டுசென்றவை அவையே. 1990 இல் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றறி, உதிரிப்பாகம் யாவும் அரிதாயின. புது வண்டிகள் முடங்கின. கிழட்டு ஒஸ்ரின்களோ மண்ணெண்ணெயில் ஓடின!

இதன் இரகசியம் எளியது. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. ஆகவே காபுரேற்றரில் சிறிதளவு பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். புதிய எஞ்சின்கள் எரிபொருட் கலவையை மிக இறுக்கி அழுத்துபவை. அவற்றில் மண்ணெண்ணெய் வேளைக்கு முன்பே வெடித்துத் தட்டும். பழையவற்றில் அழுத்தம் குறைவு. எனினும் எரியாத எண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்தமையால், அதை அடிக்கடி மாற்றவேண்டியிருந்தது.

அந்நாள் வண்டியொன்றில் நாம் அண்மையில் பருத்தித்துறைக்குப் பயணமானோம். இருபுறமும் மரமற்று விரிந்த வல்லை வெளியில் உப்புக் காற்று கதவிடுக்கால் புகுந்து முகத்தில் அறைந்தது. “ஐயா, அப்ப பெற்றோல் இவள் எழும்பத்தான், ஓடினதெல்லாம் மண்ணெண்ணெயிலை” என்றார் முதிய சாரதி. வல்லைப் பாலத்தருகே நிறுத்தி மூடியைத் திறந்து காட்டினார். பெற்றோல் விட உதவிய சிறு போத்தலும் குழாயும் இன்னும் உள்ளே கட்டப்பட்டிருந்தன.

2009 இல் போர் முடிந்தபின் புது வாகனங்கள் பெருகின. எஞ்சிய பழைய வண்டிகளைப் புதுக்குவோரும் தோன்றியுள்ளனர். வண்ணம் பூசுகின்றனர், முலாம் ஏற்றுகின்றனர், அசல் வடிவம் வேண்டுமென்று போத்தலையும் குழாயையும் கழற்றி எறிகின்றனர். இது தகுமா? பந்தய வடிவாக மாற்றிய ஒஸ்ரின் செவினை இங்கிலாந்தினர் அம்மாற்றத்தோடேயே போற்றுகின்றனர். மாற்றியவர் கையும் வரலாறு என்பதை அவர்கள் அறிவர்.

நம் மெக்கானிக்குகள் பட்டறையிலே கற்ற வித்தை எந்த நூலிலும் முழுதாய் எழுதப்படவில்லை. அவர்களுட் பலர் மூத்துவிட்டனர். மாணவர்காள், உங்கள் ஊர்ப் பட்டறைக்குச் சென்று கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். வண்டி துருப்பிடித்தால் மீண்டும் தேய்த்துக்கொள்ளலாம். அவ்வித்தை மறைந்தால் மீட்க வழியில்லை.